முடவாட்டுக்கால் கஷாயம்

சன்னதித் தெரு, திருவண்ணாமலை
18-1-1961

என் தம்பி மௌலி நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் பொங்கல் வாழ்த்து வந்தது. ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு எப்படி இருக்கிறது? தினம் மோர் குடி. உன் அத்திம்பேர் சௌக்கியம். மார்கழி முழுக்க விடியற்காலை பூஜை பார்த்ததில் குரல் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது.

பாகம்பிரியாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். தீபாவளிக்குப் பிறகு தொண்டை வலி, ஜுரம் என்று படுத்தாள். ஜுரம் விட்டதும் முழங்கால் வீங்கியது. அது வடிந்தால் கணுக்கால், அதுவும் வடிந்தால் முழங்கை. உடம்புக்குள் கண்ணாமூச்சி ஆடுகிற வலியை நான் எங்கே கண்டேன்! பதினைந்து வயசுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இது மூட்டை விட்டுடும்மா, இருதயத்தை விடாது. மாசா மாசம் ஊசி போடணும். வலி போயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க" என்றார். எத்தனை மாதம் என்றேன். வருஷக் கணக்கில் என்றார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு ஊசி போட்டாயிற்று.

நமக்குத் தயிர் ஊற்றும் அடி அண்ணாமலை கிராமத்துப் பாஞ்சாலை ஒரு கிழங்கு கொண்டுவந்தாள். ஜவ்வாது மலைச் சரக்கு. மேலெல்லாம் பழுப்பு மயிர், பார்த்தால் அசல் ஆட்டுக்கால். பெயரும் முடவாட்டுக்கால். உன் அத்திம்பேர் குதித்தார் பார், "குருக்கள் ஆத்துக்குள்ளே இதுவா!" என்று. "அய்யரம்மா, இது பாறை மேல மொளைக்கிற செடிதான். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடுங்க" என்று அவள் சத்தியம் செய்தாள். இப்போது கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. ஒரு துண்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோவிலில் மணி அடிக்காமல் காலேஜில் புட்டி குலுக்கப் போனாயே, இது என்ன என்றாவது சொல்லு.

உன் அக்கா,
அபீதகுஜாம்பாள்


திருவல்லிக்கேணி, சென்னை
24-2-1961

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் மௌலியின் நமஸ்காரம். இருமல் ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மோர் குடிக்கிறேன்.

அத்திம்பேரிடம் சொல்லு, ஆடும் இல்லை, காலும் இல்லை. இது பெரணி இனம். பூக்காது, காய்க்காது. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளியாக இருக்கும் தூள்தான் விதை மாதிரி. தாராளமாகச் சமையலறைக்குள் விடலாம்.

நீ அனுப்பியது நல்ல வேளையில் வந்தது. எங்கள் புரொபசர் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் பெரணிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய் காறிப்போவது காற்று படுவதால்தான். சில செடிகளின் சாறு அதைத் தடுக்கிறது. காற்றின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு எண்ணெயைக் காப்பாற்றுகிறது. உன் கிழங்கை உலர்த்தி, சாறு இறக்கி, கடலை எண்ணெயில் கலந்து சூட்டில் வைத்தேன். சும்மா வைத்த எண்ணெய் நாறிப்போன பிறகும் இது புதுசாகவே இருந்தது. இதுவரை பார்த்த பெரணிகளில் இதற்கு ஈடு இல்லை! நம் உடம்பிலும் கொழுப்பு இருக்கிறது, காற்றும் போய்வருகிறது, அங்கேயும் இது காவல் நிற்கலாம் என்கிறார் புரொபசர். பாஞ்சாலைக்கு அவர் சபாஷ் சொன்னார். இன்னும் ஒரு கூடை கிடைக்குமா? பாகம் கால் நீட்டி நடக்கிறாளா?

அன்புள்ள,
மௌலி


திருவண்ணாமலை
9-3-1961

மௌலிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இருமலுக்குச் சுக்கு தட்டிப் போட்டுக் குடி, அலட்சியம் செய்யாதே.

உன் கடிதம் வந்த நாள் இந்த வீட்டில் திருவிழாதான். பாகம் பட்டாசு மாதிரி நடக்கிறாள். பௌர்ணமிக்கு என்னோடு மலை சுற்றிவந்தாள். வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. உன் அத்திம்பேர் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கோவிலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். "என் மச்சினன் மெட்ராஸ்ல சோதிச்சே சொல்லிட்டான்" என்று பெருமை தாங்கவில்லை. கொல்லை அடுப்பு சமையலறைக்குள் வந்துவிட்டது.

அவளுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறோம். உன்னிடம் ஒன்று சொல்ல நினைக்கிறேன். வெளியே கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரிப் போக்குவரத்தை எல்லாம் மறைக்க வேண்டியிருக்கும். உறவுக்குள்ளேயே அமைந்துவிட்டால் மறைக்க ஒன்றும் இல்லை. ஊசியும் போட்டுக்கொள்ளலாம், கஷாயமும் குடிக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? உனக்கும் இருபத்தாறு ஆகிறது. இதற்கு மேல் நான் என்ன எழுதுவது. யோசித்துப் பதில் போடு.

கிழங்கு ஒரு கூடை பார்சல் ஆபீசில் போட்டாயிற்று.

அக்கா


சென்னை
21-4-1961

அக்காவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இருமல் நின்றது.

கூடை நல்லபடியாக வந்தது. நெய்யில் போட்டுப் பார்த்தேன், நல்லெண்ணெயில் பார்த்தேன், இரண்டிலும் அதே பலன். புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. டிசம்பரில் ஒரு மகாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படிக்கப் போகிறார், என் பெயரும் அதில் வரும். இளம் கிழங்கு நல்லதா முற்றினது நல்லதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாஞ்சாலையைக் கேட்டு எழுது.

இங்கே வெயில் தாங்கவில்லை. அத்திம்பேர் உச்சிக்காலம் முடிந்து வெறும் காலோடு பிராகாரத்துக் கல்லில் நடக்கிறாரே, கோணி ஈரம் பண்ணிப் போடச் சொல்லு.

பாகத்துக்கு ஊசி தவறாமல் போடுகிறாய் அல்லவா?

மௌலி


திருவண்ணாமலை
2-6-1961

மௌலிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா?

முற்றின கிழங்குதான் நல்லதாம். வெயில் இங்கேயும் அப்படித்தான். கத்திரி முடிந்தும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை.

பாகத்துக்கு விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சம்பந்தமூர்த்தி, அப்பாவோடு கோவில் பார்க்கிறான், அமரிக்கையான பிள்ளை. அவன் அம்மா மங்களாம்பிகை நல்ல மாதிரி, ஆனால் கண் கொத்திப் பாம்பு. "பொண்ணை ஆஸ்பத்திரியிலே பார்த்ததா யாரோ சொன்னாளே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நேராகவே கேட்டாள். ஏதோ மூட்டு வலி வந்தது, மூலிகையில் போயே போய்விட்டது என்று சொல்லி உன் மாசி மாதக் கடிதத்தைக் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, தன் வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா


சென்னை
5-6-1961

அக்காவுக்கு நமஸ்காரம். உடம்பு விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன்.

ஊசி போடுகிறாயா என்று கேட்டேன். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறாய். நிறுத்திவிட்டாய், அப்படித்தானே? என் கடிதம் கடலை எண்ணெயைப் பற்றியது, அக்கா! புட்டியில் இருக்கும் எண்ணெய்! அதைப் போய்ச் சம்பந்தி வீட்டில் பெண்ணுக்கு ஜாமீன் மாதிரி கொடுத்திருக்கிறாயே!

எனக்குத் தெரிந்த இருதய டாக்டர் ஒருவரிடம் இன்று ஓடினேன். அந்த மூட்டு வலி, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் தானே போய்விடுமாம். கஷாயம் குடித்ததால் போனது என்று நீ நினைக்கிறாய். ஒவ்வொரு தடவை ஜுரம் திரும்பும்போதும் இருதயத்தின் கதவு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். அது திரும்பாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊசி. பிள்ளைப்பேறு அவளுக்கு ஆபத்து என்றார். உடனே ஊசியைப் போடு. மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொல்.

மாசிக் கடைசியில் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. என்ன கேட்டாய் என்று புரியாமல் இல்லை. அவள் பிறந்த வருஷம் நான் அவளைத் தூளியில் ஆட்டியிருக்கிறேன், கொஞ்சம் வளர்ந்ததும் தோளில் தூக்கித் தேர் காட்டியிருக்கிறேன். என்னால் அவளை வேறு விதமாக நினைக்க முடியவில்லை. இதை அப்போதே எழுதத் தைரியம் இல்லை.

மௌலி


திருவண்ணாமலை
16-7-1961

மௌலிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். உன் அத்திம்பேருக்குச் சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. இப்போது போய்ப் பெண்ணுக்கு இருதயம் பழுது என்று சொன்னால் இவள் கல்யாணம் மட்டுமா நிற்கும்? நம்மில் பெண் கொடுத்து எடுக்கிற வீடுகள் எத்தனை என்று உனக்குத் தெரியாதா? விடிந்தால் எல்லாக் கோவில் மடப்பள்ளியிலும் இதுதான் பேச்சாக இருக்கும். ஆயுசுக்கும் இவளை யார் பார்ப்பார்கள், நீயா?

நீ டாக்டரைக் கேட்டாய், நான் என் பெண்ணைப் பார்க்கிறேன். ஓடுகிறாள், பாடுகிறாள், ஒரு குடம் தண்ணீர் தூக்குகிறாள். கண்ணால் பார்ப்பதை நம்பாமல் எதை நம்புவது? உன்னிடம் நான் வாய்விட்டுக் கேட்டபோது நீ எண்ணெயைப் பற்றித்தானே எழுதினாய். எனக்கு வேறு வழி என்ன வைத்தாய்?

ஆவணியில் முகூர்த்தம். தாய்மாமன் நீ வராமல் நடக்காது. வா. வந்து பெண்ணை மாலை மாற்றத் தோளில் தூக்கு. வாயை மட்டும் திறக்காதே, உன் காலில் விழுகிறேன்.

அபீதா


விருத்தாசலம்
14-2-1962

மாமாவுக்குப் பாகம்பிரியாள் நமஸ்காரம். உங்கள் உடம்பு தேவலையா? இங்கே மாமியார், மாமனார், அவர் எல்லாரும் சௌக்கியம். எட்டுக் கிரகம் ஒன்றுகூடி உலகம் அழியும் என்று ஊரே நடுங்கிற்றே, அதற்காகக் கோவிலில் ஓயாத ஹோமம். உலகம் அழியவில்லை. அவருக்குத்தான் புகையில் கண் வீங்கிப்போயிற்று.

எனக்கு இது நாலாவது மாதம். அம்மா எழுதியிருப்பாள். கார்த்திகையில் மறுபடி ஜுரம் வந்து போயிற்று. இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டே தூங்குகிறேன். மாமியார் பிரியமாகத்தான் இருக்கிறார். "முதல் பிள்ளைன்னா அப்படித்தாண்டி இருக்கும்" என்று தானே தினம் காலையில் கஷாயம் போட்டுத் தருகிறார். உங்கள் கடிதத்தைச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

மாமா, ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு உங்கள் கையெழுத்து ஓடாது. எல்லாக் கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டினேன், அடுப்பில் போட்டதையும் சேர்த்து. அதனால் என்னிடம் எதையும் மறைத்து எழுத வேண்டாம். தோளில் தூக்கித் தேர் காட்டியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போது என்ன செய்யட்டும், அதை மட்டும் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பாகம்


சென்னை
16-2-1962

பாகம் குழந்தைக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

எனக்கு எண்ணெயைப் பற்றித் தெரியும். உன் இருதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நாலு வரி எழுதிவிட்டேன், அதுதான் சுவாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கஷாயம் விஷம் இல்லை. ஆனால் உனக்கு வேண்டிய மருந்து அது இல்லை. கல்யாணத்தன்று உன்னைத் தூக்கினபோது உன் மார்பு அடித்துக்கொண்டதை என் தோளில் உணர்ந்தேன். எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நீ உடனே சென்னைக்கு வர வேண்டும். டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கித் தருகிறேன் என்கிறார். உப்பைக் குறை, குடம் தூக்காதே, படி ஏறாதே. உன் மாமனாருக்கு எல்லா விவரமும் இன்றே தனியாக எழுதிவிட்டேன். படித்தவர், புரிந்துகொள்வார். தைரியமாக இரு.

மாமா


திருவண்ணாமலை
8-4-1962

மௌலிக்கு அக்கா எழுதுவது. இங்கே யாருக்கும் சௌக்கியம் இல்லை, எழுதுவானேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சம்பந்தியும் அம்மாளும் நேரில் வந்தார்கள். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். "ரெண்டும் ஒரே கைதானே? போன வருஷம் அமிர்தம்னான், இப்போ பிரயோஜனமில்லேன்னு எழுதறான். இதிலே எதை நம்பறது?" என்று கேட்டார் சம்பந்தி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாள் சொன்னாள்: "முறைமாமன், இருபத்தேழு வயசாகியும் கல்யாணம் பண்ணிக்கலே. இவளைக் கட்டிக்கணும்னு இருந்திருக்கான். கை தவறிப் போச்சுன்னதும் பொண்ணுக்கு நோய்ங்கறான், மெட்ராஸுக்குத் தனியா வான்னு கூப்பிடறான். எங்களுக்குத் தெரியாதா?"

நான் உனக்குக் கொடுக்க நினைத்ததும் நீ வேண்டாம் என்றதும் எனக்குத் தெரியும். அதை எப்படி அவர்களிடம் சொல்வது? என் பெண்ணை என் தம்பியே வேண்டாம் என்றான் என்றா? உன் அத்திம்பேர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைப் பையன் பாவம், அவளைப் பார்த்துக் கேட்டானாம், "உனக்கும் அப்படி எண்ணம் இருந்துதா?" என்று.

வைகாசியில் சீமந்தம் முடித்துத்தான் அனுப்புவார்களாம். பிரசவம் இங்கேதான், சென்னைப் பேச்சே கூடாதாம். நீ சொன்னதைப் போன வருஷமே கேட்டிருக்க வேண்டும். இனி அவளுக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அங்கே சண்டை வருகிறது.

அக்கா


திருவண்ணாமலை
27-5-1962

மாமாவுக்கு நமஸ்காரம். நேற்று நல்லபடியாகச் சென்னை போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பியது நான்தான். அம்மாவைத் திட்டாதீர்கள். என்னை அழைத்துப்போக நீங்கள் கொண்டுவந்த கார் வாசலில் நின்றதும் அம்மா என் புடவையை எல்லாம் டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள். "யார் என்ன வேணா சொல்லட்டும், நீ போடி" என்று அழுதாள். நானும் எழுந்து கூடம் வரைக்கும் வந்தேன். அதற்குள்ளேயே மூச்சு இரைத்தது, தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் யோசித்தேன். உங்களோடு காரில் ஏறினால் அவர்கள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். நான் பிழைத்து வந்தாலும் திரும்பிப் போக எனக்கு வீடு இருக்காது. குழந்தைக்கு அப்பா பேர் சொல்ல நாக்கு கூசும். அவரை வந்து அழைத்துப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவர் கூட வந்தால் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்.

இங்கத்து டாக்டர் மறுபடி ஊசி ஆரம்பித்திருக்கிறார். அம்மாவைப் பார்த்து "இத்தனை மாசம் எங்கேம்மா போனீங்க?" என்று கேட்டார்.

நீங்கள் கார் வாடகை வேறு கொடுத்து வந்தீர்கள். என்னால் வாசல் வரைக்கும்கூட வந்து வழியனுப்ப முடியவில்லை.

பாகம்


திருவண்ணாமலை
22-7-1962

மௌலிக்கு.

பாகத்தின் காரியம் எல்லாம் முடிந்தது. நீ பதின்மூன்றாம் நாள் இருக்காமல் போனது நல்லது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் அத்திம்பேர் எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறார். கோபம் இல்லை அவருக்கு.

குழந்தை இருக்கிறது. எட்டு மாதத்துப் பெண், உள்ளங்கை அகலம். பாஞ்சாலை பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவள் போய் இரண்டு நாள் பிந்தி வந்த மாப்பிள்ளை இன்னும் இங்கேயேதான் இருக்கிறான். உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறான், எழுத உட்கார்ந்தால் அழுகிறான்.

மங்களாம்பிகை அம்மாள் நேற்று ஊருக்குக் கிளம்பினாள். என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நிஜமான அழுகைதான், எனக்குத் தெரியும். பாகத்தின் மேல் உயிராக இருந்தாள். வண்டியில் ஏறும்போது கால் எட்டவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கிழங்கு கொஞ்சம் கிடைக்குமா?"

உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் காய்ச்சச் சொன்னேன். முழங்கால் வலிக்கு நல்லதுதானே, மௌலி.

அக்கா